கைப்பிடியில் கட்டிய டிரான்ஸ்பார்மர்

அறிவுக்கடலான மச்சானுக்கு, உன் அக்கா புருஷன் எழுதிக்கொள்வது.

வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதை உன் அக்காவின் நைட்டியைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். என் துணியெல்லாம் வாளியில் ஊறுகிறது, அலச ஆளில்லை. சிரித்துக்கொள். அவளிடம் சொன்னாயோ, காலை உடைப்பேன்.

நான் நலமா என்று நீ கேட்கப்போவதில்லை. நானும் கேட்கவில்லை.

துணி காயப்போடும்போது கொல்லையில் அவள் தோடு விழுந்தது. குனிந்து தேடியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். மெட்டல் டிடெக்டரை நாமே செய்துவிடலாம் அத்தான் என்று கிளப்பிவிட்டது நீ. டிரான்சிஸ்டரை நேராக மண்ணைத் தடவுகிற கம்பிச் சுருளில் மாட்டினால் சூடேறிச் சாகும், நடுவில் டிரான்ஸ்பார்மர் வேண்டும் என்றாய். அதிகச் சுற்று டிரான்சிஸ்டர் பக்கம், குறைந்த சுற்று சுருள் பக்கம். சரி என்றேன். மோட்டாருக்குக் கம்பி சுற்றியே வயிறு வளர்ப்பவன், எனக்கா சுற்றத் தெரியாது? கடையில் மெல்லிய கம்பி தீர்ந்துபோய் அவளுடைய மிக்ஸி மோட்டாரை நான் பிரித்தபோது, கம்பியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நீதான். பழி மட்டும் எனக்கு.

அப்புறம் சண்டை. டிரான்ஸ்பார்மரைக் கீழே சுருளோடு வைத்தேன். மேலே கைப்பிடியில் வை என்று குதித்தாய். வயர் வீண் என்றேன். தகர மண்டையன் என்றாய். நான் சொன்னதை எழுதினால் தாள் கறுத்துவிடும். தோட்டை ரெண்டு பேரும் தேடவே இல்லை, ஒருத்தன் தலையை ஒருத்தன் உருட்டுகிறீர்கள் என்று சொல்லிவிட்டு அவள் உன்னோடு பஸ் ஏறிவிட்டாள். தம்பி பாசம். நல்லா இரு.

நீங்கள் போனபின் ஓட்டிப் பார்த்தேன். தகரத்தைக் காட்டினாலும் ஊளை, வெறும் மண்ணைக் காட்டினாலும் ஊளை. அனுப்புகிற சுருளுக்குப் பக்கத்திலேயே கேட்கிற சுருள். அதன் காதருகில் டிரான்ஸ்பார்மர் உட்கார்ந்தால் அதையே கேட்டுக் கத்துகிறது. தன்னைத் தவிர வேறெதுவும் காதில் விழவில்லை, உன்னை மாதிரியே. கடைசியில் பிடுங்கிக் கைப்பிடியில் கட்டினேன். நீ சொன்னதற்காக இல்லை, தூக்க வாகாக இருந்தது. பெட்டி வாயை மூடிக்கொண்டது.

அவளுக்கு முதுகு வலி உண்டு. தரையில் படுக்கவைக்காதே, நீ தரையில் படு. என்னைப் பற்றி ஏதாவது கேட்டாள் என்றால் எழுது. கேட்கவில்லை என்றால் அதை எழுத வேண்டாம்.

உன்னைப் பார்க்க எனக்கு ஆசையில்லை. ஆனாலும் அவளைத் தனியாக பஸ்ஸில் அனுப்பாதே, கூட வந்து தொலை. ஆயுசு கெட்டியாக இரு.

இன்று காலை கொல்லையில் பெட்டி கணீரென்று ஒரே இடத்தில் கத்தியது. கடப்பாரையால் ஓங்கி ஒரு குத்து. தோடு இல்லை. தண்ணீர்க் குழாய் இருந்தது. இப்போது வீட்டுக்குள் சொட்டுத் தண்ணீர் இல்லை, கொல்லையில் முழங்கால் வரை நிற்கிறது. அவள் வருவதாக இருந்தால் பின்வாசல் வேண்டாம். முன்வாசலைத் திறந்துதான் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அத்தான்