தட்டிலேயே கை கழுவுகிறவருக்கு

ஸ்ரீரங்கம்,
14.7.2025

பெலிண்டா அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்கும் அளவுக்கு எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. போனில் பேசினால் பாதியிலேயே கத்திவிட்டு வைத்துவிடுகிறீர்கள். காகிதத்தில் கத்த முடியாது, அதனால் இனிமேல் கடிதம்தான். பெங்களூரில் வேலை பார்க்கிற பெலிண்டாவையும் தூது விடாதீர்கள். பதிலை நீங்களே எழுதித் தபாலில் போடுங்கள்.

பானுமதி டீச்சர் வீட்டு மாடியில் இருக்கிறேன். சுத்த சைவ வீடு. ரசமும் அப்பளமுமாக ஓடுகிறது. நானும் டீச்சரும் பள்ளிக்கூடத்துக்கு இங்கிருந்தே ஒரே பஸ்ஸில் போகிறோம். சோப்புத் தண்ணீர் படாததால் விரல் வெடிப்பெல்லாம் மூடி வருகிறது. இனிப் பாத்திரம் தேய்க்கவே கூடாது என்று டாக்டர் உங்களை வைத்துக்கொண்டுதானே சொன்னார்?

அதனால்தான் பாத்திரம் கழுவ ஒரு மெஷின் கேட்டேன். அதற்குக் கம்பெனி நண்பர்களை உட்கார வைத்துக்கொண்டு, வாயில் கறியோடு என்ன சொன்னீர்கள்? "அதான் இவளைக் கட்டியிருக்கேனே, இன்னொரு மெஷின் எதுக்குங்கறேன்?" எல்லாரும் சிரித்தார்கள். சிரித்த சிரிப்பில் கலையரசன் அண்ணனுக்குப் புரையேறிவிட்டது. ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டு வந்தவளும் நான்தான்.

மெஷின் வராமல் நான் வர மாட்டேன். வைஃபை, கண்ணாடிக் கதவு என்று ஆடம்பரம் எதுவும் வேண்டாம், சாதாரணமானதே போதும். ஆனால் வெந்நீரில் கழுவ வேண்டும். அதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

லூர்துராணி

---

காட்டூர்,
18.7.2025

அன்புள்ள ராணிக்கு,

கடிதம் கிடைத்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு தபால் போடுகிறாய். தபால்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! மானம் போகிறது.

விளையாட்டுக்குச் சொன்னதை இப்படியா பிடித்துக்கொள்வாய்? சரி, போகட்டும். ஆடித் தள்ளுபடி போட்டதுமே தில்லைநகர்க் கடைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கைக்கு அடக்கமாக ஒரு மெஷின் இருக்கிறது. ஹீட்டர் கிடையாது, பச்சைத் தண்ணீரிலேயே கழுவும். கரண்ட் மிச்சம். ஆயுசு பூராவும் பாய்லர் செய்கிற கம்பெனியில் இருந்தவன் நான். வெந்நீரைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறாயா? தட்டுக்கு என்ன சளியா பிடித்திருக்கிறது, வெந்நீரில் குளிப்பாட்ட?

அதையே எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நானே கறி எடுத்து ஆக்கப் போகிறேன். சைவ வீட்டில் எத்தனை நாள்தான் தாங்குவாய்? வந்துவிடு. நீ இல்லாமல் வீடு வீடாகவே இல்லை.

அற்புதசாமி

---

ஸ்ரீரங்கம்,
22.7.2025

பெலிண்டா அப்பாவுக்கு,

கறியைக் காட்டிக் கூப்பிட நான் என்ன பூனையா? சொன்னதையும் சொல்லிவிட்டு 'போகட்டும்' என்று நீங்களே மன்னித்துக்கொள்கிறீர்கள். மன்னிக்க வேண்டியவள் நான். எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

பச்சைத் தண்ணீர் மெஷின் வேண்டவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கறி ஆக்கிய சட்டி இன்னும் அப்படியேதான் கிடக்கும், உங்களை எனக்குத் தெரியாதா? அதைப் பச்சைத் தண்ணீரில் ஒரு தடவை தேய்த்துப் பாருங்கள். ஆட்டுக் கொழுப்பு போகிறதா என்று எனக்கு எழுதுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சாப்பிட்டு முடித்ததும் தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்து போகிறீர்கள், எலும்பும் கறிவேப்பிலையும் மிதக்க மிதக்க. கல்யாணமான நாளிலிருந்து அந்தத் தண்ணீரைச் சிந்தாமல் தூக்கிக்கொண்டு போகிறவள் நான். எந்த மெஷின் வந்தாலும் அந்தத் தட்டை அப்படியே உள்ளே வைக்க முடியாது. இந்த வீட்டில் சாப்பிட்டவர் தட்டைச் சாப்பிட்டவரே எடுக்கிறார். பானுமதியின் வீட்டுக்காரர் தாசில்தாராக இருந்து ரிட்டயர் ஆனவர், அவரும்தான் எடுக்கிறார். கிரீடம் ஒன்றும் கழன்று விழுந்துவிடவில்லை.

லூர்துராணி

---

காட்டூர்,
29.7.2025

அன்புள்ள ராணிக்கு,

ஒப்புக்கொள்கிறேன். சட்டியைத் தேய்த்தேன். கொழுப்பு மெழுகு மாதிரி உறைந்து கையெல்லாம் அப்பிக்கொண்டது. சோப்பு, பவுடர் என்று இருந்ததையெல்லாம் கொட்டினேன், அசையவில்லை. கடைசியில் வெந்நீர் வைத்து ஊற்றியதும்தான் விட்டது. அதற்குள் என் விரல் பற்றி எரிந்தது. வெடித்த கையோடு நீ எப்படித் தாங்கினாய் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது, ராணி.

மறுநாளே கடைக்குப் போய் அந்தச் சின்ன மெஷினை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இருப்பதிலேயே சாதாரணமானதுதான் வாங்கியிருக்கிறேன், ஆனால் மூன்று விதச் சூட்டில் கழுவும். எண்ணெய்ப் பாத்திரத்துக்கு எழுபது டிகிரி. ஹீட்டர் எங்கே இருக்கிறது, திறந்து காட்டு என்றேன், கடைப் பெண் மிரண்டுபோய்விட்டாள். நம் போர்வெல் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகமாம், அதற்காக மெஷினில் உப்பு வேறு போட வேண்டுமாம், அதையும் வாங்கிவிட்டேன். ஆள் வந்து குழாய் மாட்டிக் கொடுத்தார். மாதா கோயில் பங்குச் சாமியாரும் வந்து மந்திரித்துவிட்டுப் போனார்.

நீ கேட்டதெல்லாம் ஆயிற்று. உனக்காகவே இன்னும் ஓட்டாமல் வைத்திருக்கிறேன். இந்த வாரப் பாத்திரமெல்லாம் சிங்கில் அப்படியே இருக்கிறது. நீ வந்து அடுக்கினால் போதும், பட்டனை நான் அழுத்துகிறேன்.

உன்
அற்புதசாமி

---

ஸ்ரீரங்கம்,
2.8.2025

பெலிண்டா அப்பாவுக்கு,

நல்ல மெஷினாகத்தான் எடுத்திருக்கிறீர்கள். உங்கள் விரல் எரிந்ததைப் படித்து அழுதுவிட்டேன். உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்து பையை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டேன். இரண்டு சேலை மடித்தும் ஆயிற்று. அப்புறம்தான் கடைசி வரியைப் படித்தேன். பை திரும்ப ஆணிக்கே போய்விட்டது.

நான் வந்து அடுக்க வேண்டுமா? ஒரு வாரத்துப் பாத்திரத்தை? அட கடவுளே! மெஷின் வாங்கினீர்கள், இப்போது அதற்கு ஓர் ஆள் தேடுகிறீர்கள். அந்த வேலைக்கு நான் வர மாட்டேன்.

நாளைக்குப் பதினெட்டாம் பெருக்கு. அம்மா மண்டபம் பக்கம் பஸ் நகராது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் காட்டூருக்கு வருகிறேன், விருந்தாளியாக. கலையரசன் அண்ணனையும் அன்றைக்குச் சிரித்த அத்தனை பேரையும் கூப்பிடுங்கள். கறி நீங்கள் ஆக்குங்கள். எல்லாரும் சாப்பிட்ட பிறகு எலும்பைக் குப்பையில் தட்டிவிட்டு, தட்டுகளைக் கீழ் அடுக்கிலும் டம்ளர்களை மேல் அடுக்கில் கவிழ்த்தும் வைத்து, எழுபது டிகிரியில் போடுங்கள். அவர்கள் உட்கார்ந்து பார்க்கட்டும்.

நான் வயிறு முட்டச் சாப்பிடுவேன். கறி தின்று எத்தனை நாளாயிற்று! சாப்பிட்டதும் தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்துபோய் ஹாலில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துவிடுவேன். பையைக் கொண்டு வர மாட்டேன். வீட்டுக்கு எப்போது வருவேன் என்று அன்றைக்கு யாரும் என்னைக் கேட்க வேண்டாம். என் தட்டை யார் எடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு நானே சொல்கிறேன்.

லூர்துராணி