அப்பா பெயரில் வரும் மெயில்

சத்துவாச்சாரி, வேலூர்
18 பிப்ரவரி 2006

அன்புள்ள அக்சாவுக்கு,

அந்தக் குளிரிலும் ஆண்டவர் உன்னைச் சுகமாக வைத்திருக்க வேண்டும். இங்கே நானும் சுகம். சுகம் என்றால் சாப்பிடுகிறேன், கல்லூரிக்குப் போகிறேன், வந்து பேப்பர் திருத்துகிறேன், அதற்குமேல் கேட்காதே. மெயிலைத் திறப்பதையே விட்டுவிட்டேன் என்று போனில் சொன்னாய், அதனால்தான் தாளில் எழுதுகிறேன். பெட்டியைத் திறந்ததும் அப்பா பெயரைப் பார்த்துவிட்டு டியூட்டிக்குப் போனால் கை ஓடவில்லை என்றாய். நான் அனுப்பியவையும் அதனோடு படிக்காமல் கிடக்கின்றன. எனக்குக் கவலை அதுதான். ஞாயிற்றுக்கிழமை போனில் எவ்வளவு பேசிவிட முடியும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்த மெயில் இனி உனக்கு வராது. எப்படி நின்றது என்று தெரியாமல் நீ நம்ப மாட்டாய், என் பிள்ளைதானே, அதனால் விவரமாக எழுதுகிறேன். தினமும் காலையில் அன்றைய வேதபாகத்தை எடுத்து உனக்கு அனுப்பும்படி அப்பா கம்ப்யூட்டரில் நேரம் குறித்து வைத்திருந்தார். நாம் இங்கே ஜெபத்தில் படிப்பதையே நீ அங்கே படிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. வருஷத்துக்கு ஒரு ஃபைல். கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில் உட்கார்ந்து, சர்ச்சில் வாங்கிய, நாள்வாரியாக வேதபாகம் போட்ட புது அல்மனாக்கைப் பார்த்து அடுத்த வருஷம் முழுவதையும் டைப் செய்துவிடுவார். இந்த முறை டிசம்பர் முதல் வாரத்திலேயே போய்விட்டார். அடக்கம் முடிந்து நீ திரும்பிப் போன பிறகும் மாதக் கடைசி வரை வசனம் வந்ததல்லவா, அது அவர் அதற்கு முந்தின கிறிஸ்துமஸின்போதே அடித்து வைத்தது. ஜனவரி பிறந்ததும் மிஷின் புது வருஷ ஃபைலைத் தேடியது, கிடைக்கவில்லை. அப்படி ஒரு ஃபைல் இல்லை என்று தினமும் அவர் பெயரிலேயே புகார் எழுத ஆரம்பித்துவிட்டது. இங்கிருந்து எது போனாலும் அவர் பெயரில் போகும்படிதான் வைத்திருந்தார்.

இதெல்லாம் எனக்கு உடனே தெரியவில்லை. முதலில் கம்ப்யூட்டர் கடைக்காரர் பாண்டியனைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்துவிட்டு, இன்னா மேடம் இதுல விண்டோஸே காணோம், இது வைரஸ்தான், ஃபார்மட் அடிச்சிட்டா பேஜார் இல்ல என்றார். எதைப் பார்த்து வைரஸ் என்கிறீர்கள் என்று கேட்டேன். டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். அணைத்து வைத்தும் பார்த்தேன். கல்லூரிக் கேள்வித்தாள் எடுக்கத் திரும்பப் போட வேண்டியிருந்தது, போட்டதும் விட்டுப்போன வேலையை முதலில் செய்தது. காலை ஜெபத்தை விட்டால் ராத்திரி சாப்பாட்டுக்கு முன் முடிக்க வைப்பாரே அப்பா, மிஷினையும் அப்படியே பழக்கியிருக்கிறார். பிறகு மோடம் வயரைப் பிடுங்கிப் போட்டேன். அது என் தப்பு. போகாத மெயிலெல்லாம் உள்ளே சேர்ந்திருந்து, வயரைச் செருகியதும் மொத்தமாக உனக்கு வந்து விழுந்தது. அன்றைக்குத்தான் நீ அழுதுகொண்டே போன் செய்தாய். அதைக் கேட்டுக்கொண்டு நின்றபோதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அடுப்பில் சாதம் இருந்தது, போய் இறக்கினேன்.

இதற்குள் உன் ஜெயபுஷ்பம் அத்தைக்கு விஷயம் போய்விட்டது. ஃபீபி, தம்பி போயும் ஜெபத்துக்குக் கூப்பிடுறான் பாரு, நீதான் எழுந்திருக்க மாட்டேன்ற என்றார். சர்ச்சில் பெண்கள் கூட்டத்திலும் சொல்லியிருக்கிறார். கூப்பிடவில்லை அண்ணி, ஃபைல் இல்லை என்கிறது என்றேன். எல்லாத்துக்கும் ஒரு பதில் வெச்சிருப்பியே என்று கோபித்துக்கொண்டு ஆம்பூருக்குப் போய்விட்டார். போகட்டும், அவருக்கும் தம்பி.

கடைசியில் அப்பாவோடு தோல் கம்பெனி லேபில் இருந்த குர்ஷித்துக்குப் போன் செய்தேன். இந்த மிஷினில் விண்டோஸ் வேண்டாமென்று இருவரும் சேர்ந்துதானே வேறு எல்லாம் போட்டார்கள். வேலைகளுக்கு நேரம் குறித்த பட்டியலைத் திறக்கச் சொன்னார். மேலேயே ஒரு வரி, வேலை தடைப்பட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று. அதில் இரண்டு முகவரி, உன்னுடையதும் என்னுடையதும். குர்ஷித் ஒரு யோசனை சொன்னார், அண்ணி, இந்த வருஷத்து வசனத்தை நீங்களே டைப் பண்ணி வெச்சிடுங்க, மிஷின் கம்முனு ஆய்டும், பாப்பாவுக்கும் முன்ன மாதிரியே போகும். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் நான் அடித்ததை அவர் பெயரில் உனக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நீயும் ஏமாற மாட்டாய். வேண்டாம் தம்பி என்றேன். அவரும், மோசஸ் அண்ணன் இருந்தா இதுக்கு என்னைத் திட்டியிருப்பார் என்று சிரித்தார்.

உன் முகவரியை எடுத்துவிட்டேன். நான்கு நாள் பொறுத்து, நீ கொடுத்த பாஸ்வேர்டை வைத்து உன் பெட்டியையும் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. பழையவற்றைத் தொடவில்லை, டிசம்பர் வரை உள்ளவற்றை நீயே பார்த்து வைத்துக்கொள்.

என் முகவரியை எடுக்கவில்லை. அந்த வேலையையே நிறுத்திவிடலாம் என்று குர்ஷித் சொன்னார், அப்புறம் பார்ப்போம் என்றேன். தினமும் காலையில் பால் காய்ச்சிவிட்டு வந்து பார்க்கிறேன். ஃபைல் இல்லை என்று வந்திருக்கிறது. தெரியும் என்று மூடிவிட்டுக் கல்லூரிக்குக் கிளம்புகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, நைட் டியூட்டி முடித்துத் தனியாக நடந்து வராதே. நீ போகிற இடமெல்லாம் ஆண்டவர் உன் கூடவே இருக்கட்டும். இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் செய், அன்றே ஒரு மெயில் போடுகிறேன். அது என் பெயரில்தான் வரும். திறந்து பார்.

அன்புடன்
அம்மா
ஃபீபி மோசஸ்