வெறுங்கூண்டு

பதிவு 112. காலை 07.10
நிலவு, முதல் நிலையம். எழுதுபவர் பூமயில், எலி ஆய்வாளர். இங்கே நான் மட்டும்தான்.
எலிகளுக்குப் பக்கவாதம் வரவழைத்து, பாதியை வெறுங்கூண்டில் தனித்தனியாக வைத்திருக்கிறோம். மீதிக்குச் சக்கரம், ஏணி, துணை எல்லாம் உண்டு. அவைதான் சீக்கிரம் நடக்கின்றன.
வெறுங்கூண்டு ஒன்றில் துணித்துண்டு விழுந்து கிடந்தது. எலி அதோடு விளையாடியிருக்கிறது. இனி கணக்குக்கு உதவாது. விதிப்படி அந்தக் கூண்டுக்குள் கொல்லும் வாயுவைத் திறந்தேன்.

பதிவு 115. பகல் 11.40
இடக்கையால் எழுதுகிறேன். கதிர்ப்புயல். நானும் இரண்டாம் நிலையத்தில் தனியாக இருக்கும் நிஸாரும் விழுந்தோம். இருவருக்கும் பக்கவாதம், வலப்பக்கம். மீட்புக்கலம் வர மாதங்கள் ஆகும்.
பூமியிலிருந்து இயக்குநர் ஜெயசீலன்: "பதறாதம்மா. தெனமும் எழுது. சின்னதா இருந்தாலும் விடாம எழுது."

பதிவு 121. காலை 08.00
ஜன்னலைப் பூமியிலிருந்தே மூடிவிட்டார்கள். பாட்டு நின்றது. அப்பாவின் அழைப்பு வரவில்லை. விளக்கு அணைவதே இல்லை. சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வருகிறது.
கேட்கக் கூச்சம். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். எதையும் கேட்காமல் இருந்தே இதுவரை வந்தேன்.

பதிவு 126. காலை 09.25
இயக்குநரிடம் கேட்டுவிட்டேன்.
"நிஸாருக்கு ஜன்னல், பாட்டு, வீட்டு ஆளுங்க பேச்சு எல்லாம் குடுத்திருக்கோம். ரெண்டு பேருக்கும் குடுத்தா எதோட ஒப்பிடறது? நீதான் பேசாத பொண்ணாச்சே, தனிமை உனக்கு அவ்வளவா தெரியாது. உங்கப்பாகிட்ட நீ நல்லாயிருக்கேன்னு சொல்லியாச்சு."
இந்த விளக்கின் வெளிச்சம் எனக்குப் பழக்கம். வெறுங்கூண்டுகளுக்கு அந்த அளவை வைத்தவள் நான்.

பதிவு 133. மாலை 04.15
ஊர்ந்து போய் வெறுங்கூண்டுகளைத் திறந்தேன். எலிகள் என் அறைக்கு வந்துவிட்டன. நொண்டி ஒன்று என் செத்த கையில் சுருண்டு படுக்கிறது. அதனிடம் பேசுகிறேன். வாய் குழறுகிறது. அது கேட்கிறது.
இன்று வலக்கைச் சுண்டுவிரல் அசைந்தது. சின்னதாகத்தான். இருந்தாலும் எழுதுகிறேன்.

பதிவு 134. காலை 07.10
இயக்குநர்: "இவ்வளவு சீக்கிரம் விரல் அசையாதே, என்ன பண்ணினே? எலியை உள்ள விட்டிருக்கியாம்மா? இனி நீ கணக்குக்கு உதவ மாட்டே."
கதவு தானாகப் பூட்டிக்கொண்டது.

07.14
குழாயில் சீறல். இந்தச் சத்தத்தை இதுவரை கூண்டுக்கு வெளியே நின்றுதான் கேட்டிருக்கிறேன்.
வாயு தரையிலிருந்து நிரம்பும். எலிகளைக் கட்டிலுக்கு ஏற்றினேன்.

07.19
நொண்டியை வலக்கையில் தூக்கி
வலக்கையில்
கண்டெடுப்பவரே, குறித்துக்கொள்ளுங்கள். வெறுங்கூண்டு இல்லை இது. ஐந்து விரலும் மூடி