நாற்பத்தாறு டொலர்

ஸ்காபரோ
2.7.2025

அன்புள்ள சறோவுக்கு,

வந்து சேர்ந்து நாலு நாள். உடம்புக்குக் குறைவில்லை, விலைகளைக் கண்டுதான் நெஞ்சு பதறுகிறது. போனில் கதைத்தால் லவன் ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறான். மருமகள் நிலக்சனாவுக்கும் எல்லாம் கேட்கிறது. உமக்கென்று எழுத இந்தக் கடிதம்தான்.

கனடா டொலரை மாற்ற ஒரு சுருக்குவழி பிடித்துவிட்டேன். இரண்டால் பெருக்கி, இரண்டு சைபர் போட்டு, வந்ததில் பத்திலொரு பங்கைக் கூட்டினால் ரூபாய். தலைமயிர் வெட்ட இருபத்தைந்து டொலராம். ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய்! கதிரையில் இருந்தவன் அப்படியே எழுந்து வந்துவிட்டேன். ஒரு பிடி முருங்கையிலை நாலு டொலர், எண்ணூற்று எண்பது ரூபாய். எங்கள் வேலியில் அதை ஆடு தின்கிறது.

"அப்பா, கடையளுக்க நிண்டு சத்தமாக் கணக்குப் பாக்காதேங்கோ, வெக்கமாக் கிடக்கு" என்கிறான் லவன். முப்பத்தைந்து வருடம் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதியவனுக்கு வாய் சும்மா இருக்குமா?

ஒக்ரோபர் பத்தாந் திகதி திரும்பி வர ரிக்கற். நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

உமது,
பரமலிங்கம்

வேலணை
24.7.2025

அன்புள்ள லவனின் அப்பாவுக்கு,

வீடும் மாடும் சுகம். நானும் இருக்கிறேன்.

இரண்டு பேரும் ஒரே நாளில்தான் விசாவுக்கு விரலடையாளம் கொடுத்தோம். உங்களுக்குத் தந்தார்கள், எனக்கு மறுத்தார்கள். பெற்றவள் நான், பார்க்கப் போனது நீங்கள். பேரனை நீங்கள் தூக்கி வைத்திருக்கும் படம் வந்தது. சந்தோஷம்தான். வயிறு எரிந்ததும் உண்மை.

உங்கள் முருங்கையிலைக் கணக்கை முன்வீட்டு ஜெனீற்றாவுக்கு வாசித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். இப்படியே விலைகளை எழுதுங்கள். கனடாவைப் பார்த்த மாதிரி இருக்கிறது.

தலைமயிரை வளர்த்துக்கொண்டு பத்தாந் திகதி வந்து சேருங்கள். இங்கே ஐந்நூறு ரூபாய்க்கு வெட்டலாம்.

சறோ

ஸ்காபரோ
14.8.2025

அன்புள்ள சறோவுக்கு,

இங்கே ஓர் அதிசயம். தமிழ்க் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது, "என்ன பரமு, இன்னும் வாயாலதான் கணக்கோ?" என்று ஒரு குரல். மாக்கிறேற்! சங்கத்தில் எனக்குப் பக்கத்து மேசையில் இருந்த ஊர்காவற்றுறைப் பிள்ளை. புருஷன் காலமாகி நாலு வருடமாம்.

போன கிழமை இருவரும் வாவிக்கரைக்குப் போனோம். மீன் சாப்பிட்டோம். நாற்பத்தாறு டொலர் வந்தது, நானே கொடுத்தேன். திரும்பி வர பஸ்ஸுக்கு மூன்று டொலர் முப்பது சதம். எழுநூற்று இருபத்தாறு ரூபாய்! அநியாயம்.

லவன் டிசம்பரில் நத்தார் வரைக்கும் நிற்கச் சொல்கிறான். ரிக்கற்றை மாற்ற முந்நூறு டொலர்தானாம். யோசிக்கிறேன்.

உமது,
பரமலிங்கம்

வேலணை
6.9.2025

லவனின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். ஜெனீற்றாவுக்கு வாசித்துக் காட்டவில்லை.

முருங்கையிலையை மாற்றினீர்கள். பஸ் காசைச் சதம் வரை மாற்றினீர்கள். நாற்பத்தாறு டொலரை மாற்றவில்லை. நீங்கள் சொல்லித் தந்த வழியில் நானே பார்த்தேன்: பத்தாயிரத்து நூற்றிருபது ரூபாய். எங்கள் இருபத்தைந்தாவது கலியாண நாளுக்கு யாழ்ப்பாணத்தில் நான் ஒரு சேலையைத் தொட்டபோது, "இது மூண்டு மூட்டை நெல்லெல்லோ" என்று சொல்லி என்னை வெறுங்கையோடு பஸ் ஏற்றினவர் நீங்கள். அவளோடு இருந்து மீன் தின்னும்போது மூட்டை ஒன்றும் நினைவில் வரவில்லையா?

எனக்குப் பொறாமைதான். அறுபத்துமூன்று வயதில் சொல்ல வெட்கமில்லை. "வேதக்காரப் பெட்டை வேண்டாம்" என்று உங்கள் அம்மா அவளைக் கட்ட விடாமல் ஒற்றைக்காலில் நின்ற பிறகுதான் என்னைப் பெண் பார்க்க வந்தீர்கள். அது எனக்குத் தெரியாதென்று இத்தனை வருடம் நினைத்திருந்தீர்களாக்கும். உங்களைப் பரமு என்று நான் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. கூப்பிடலாம் என்றும் நீங்கள் சொன்னதில்லை.

நத்தாராம். எங்கள் சைவ வீட்டில் எப்போது நத்தார் வந்தது? லவனைக் கேட்டேன். "நான் அப்பிடிச் சொல்லேல்லையே அம்மா" என்கிறான்.

கனடாவில் நின்றாலும் ஒவ்வொரு சாமானையும் ரூபாயில் பார்த்தபோது நீங்கள் இங்கேதான் இருந்தீர்கள். எனக்கு அது போதுமாக இருந்தது. இப்போது ரிக்கற்றுக்கும் "முந்நூறு டொலர்தான்" என்கிறீர்கள். அது அறுபத்தாறாயிரம் ரூபாய். உங்களுக்கு அது தெரியவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பத்தாந் திகதி வாருங்கள். வந்தால் ஒன்றும் கேட்க மாட்டேன். சத்தியமாகக் கேட்க மாட்டேன்.

சறோஜினிதேவி

ஸ்காபரோ
1.10.2025

சறோஜினிதேவிக்கு,

கடிதம் கிடைத்தது. நீர் எழுதியதற்கு மறுமொழி எழுதப் பல நாள் இருந்து பார்த்தேன். பொய் எழுத விருப்பமில்லை, உண்மையை எழுதத் துணிவுமில்லை.

ரிக்கற்றை மாற்றிவிட்டேன். லவனை ஏச வேண்டாம், அவன் நத்தாரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மழைக்கு முன் பின்பக்கக் கூரைக்கு ஓடு மாற்ற வேண்டும். அதற்கு ஐந்நூறு டொலர் அனுப்புகிறேன். எவ்வளவு வரும் என்று வங்கியில் கேட்டுக்கொள்ளும். இப்போது என்ன விலை போகிறதென்று எனக்குத் தெரியாது.

பரமலிங்கம்