கவர்னர் என்ன செய்வார்?

மாப்பிள்ளே,

இன்று காலை சைக்ளோஸ்டைல் மை வாசனையோடு ஒரு சுற்றறிக்கை என் மேஜைக்கு வந்தது. நான் இப்போது பாடம் எடுக்கும் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர வருகிறவர்களிடம் இனித் தமிழிலேயே கேள்வி கேட்க வேண்டுமாம். எழுதிக் கேட்டவன் நான்தான். பிரின்சிபால் கைகொடுத்துப் பாராட்டினார். கையை எப்போது விடுவார் என்றிருந்தது.

அன்னவாசல் வட்டாரத்தில் உனக்கு ஆயில் என்ஜின் டாக்டர் என்று பேர். சத்தத்தை வைத்தே கோளாறு சொல்வாய். என்ஜின் வேகத்தைக் கட்டுக்குள் வைக்கும் கவர்னரைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவாய். எனக்கு அந்தக் கை இல்லை. கொஞ்சம் இங்கிலீஷ் இருந்தது.

அன்று நாம் தொழிற்பயிற்சியில் சேரப் புதுக்கோட்டையில் நேர்முகத் தேர்வு. மிச்சமிருந்தது ஒரே இடம். நம் இருவரையும் சேர்த்தே உள்ளே அழைத்தார்கள். வடக்கிலிருந்து வந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அவர் இங்கிலீஷில் கேட்டதும் நீ விழித்தாய். என்னைத் தமிழில் உனக்கு எடுத்துச் சொல்லச் சொன்னார்.

கவர்னர் என்ன வேலை செய்யும் என்பதுதான் கேள்வி. நான் உன் பக்கம் திரும்பி, "கவர்னர் என்ன வேலை செய்வாருன்னு கேக்குறாங்க மாப்ளே" என்றேன்.

சொல்லின் வாலை மட்டும் மாற்றினேன். தெரிந்தே மாற்றினேன்.

நீ கைகட்டி நின்று, "மெட்ராஸ்ல பெரிய பங்களாவுல இருப்பாருங்கய்யா. ராஜ்யத்துக்கே பெரியவருங்க" என்றாய்.

அதை மட்டும் பிசகாமல் மொழிபெயர்த்தேன். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பஸ்ஸில், "எதுக்கு மாப்ளே சிரிச்சாரு?" என்று கேட்டாய்.

"ஒனக்கு இங்கிலீஷ் தெரியலைன்னுதான்."

"சரி விடு. ஒனக்காச்சும் கெடைச்சுச்சுல்ல. படிச்சிட்டு வந்து எனக்கும் சொல்லிக் குடு."

படித்து வந்தேன். சொல்லிக் கொடுக்கவில்லை. என்ஜின் விற்ற கடைகள் சர்டிபிகேட் உள்ளவனையே ரிப்பேருக்கு அனுப்பின. உன் வாடிக்கையெல்லாம் என்னிடம் வந்தது. நீ கிணறு வெட்டப் போனாய், பாறைக்கு வெடி வைக்கிற வேலை. திருவரங்குளத்துப் பக்கம் ஒரு வெடி வெடிக்கவில்லை. என்னவென்று நீ குனிந்து பார்த்தபோது வெடித்தது.

துக்கம் கேட்கப் போன என்னிடம் உன் மனைவி சொன்னாள்: "ஒங்களப் பத்தித்தான் ஓயாமப் பேசுவாகண்ணே. அம்புட்டுப் பெரிய ஆபீசர் முன்னாடி தனக்காக வாயத் தொறந்த ஒரே ஆளு நீங்கதானாமே?"

"ஆமாம்மா" என்றேன்.

முதல் பொய்க்கு ஓர் இடமாவது கிடைத்தது. இந்த 'ஆமாம்மா'வுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இது இன்னும் என்னிடமே இருக்கிறது.