பியாசோங் மரம்

ககயான் தெ ஓரோ
செவ்வாய் இரவு

என் மாலுமிக்கு,

இந்த அகாலத்தில் மெயில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். நம் பிள்ளை இசித்ரோ இப்போதுதான் தூங்கினான்.

காய்ச்சல் விட்டு ஐந்து நாளாகியும் அவன் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை என்பதை உன்னிடம் நான் சொல்லவில்லை. நடுக்கடலில் இருந்துகொண்டு நீ என்ன செய்வாய்?

இன்று அடுத்த தெரு மீன்காரி சோலேங் அக்கா வந்தாள். நம் கொல்லையில் பியாசோங் எலுமிச்சை உதிர்ந்து கிடப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"இது எதுக்குக்கா? பிழிஞ்சா நாலு சொட்டு வராது. தூக்கித்தான் போடறேன்" என்றேன்.

"தோலோடயா? காலேஜ்ல இதைத்தான் சொல்லிக்கொடுத்தாங்களா! வாசமெல்லாம் தோல்லதாண்டி இருக்கு."

வீட்டுக்குப் போய், ஃப்ரீசரில் கல்லாக உறைந்திருந்த ஒரு காயைக் கொண்டுவந்தாள். முழுசாக உறைய வைத்தால்தான் தோல் பொடியாகத் துருவ வருமாம். நான் கொதிக்கவைத்து இறக்கியிருந்த மீன் சூப்பின் மேல் அதைத் துருவினாள். பச்சை மாவாக உதிர்ந்தது. வீடே மணத்தது. என்ன கை அது!

பாயில் கிடந்த இசித்ரோ எழுந்து உட்கார்ந்து, "அம்மா, எனக்கு" என்றான். ஒரு கிண்ணம் குடித்துவிட்டுச் சோறும் கேட்டான். நான் அழுததைப் பார்த்து அக்கா, "தள்ளி நின்னு அழு, சூப்பு உப்பாயிடும்" என்றாள்.

உதிர்ந்ததையெல்லாம் பொறுக்கி, கழுவித் துடைத்து ஃப்ரீசரில் அடுக்கிவிட்டேன்.

புது அறை கட்ட அந்தப் பியாசோங் மரத்தைத்தான் வெட்டச் சொன்னாய். நானும் சரி என்றேன். சனிக்கிழமை வெட்ட ஆட்கள் வருகிறார்கள். அறையைக் கிழக்குப் பக்கம் கட்டலாமா? சீக்கிரம் பதில் எழுது.

உன் மனைவி