பலகையில் மிச்சமிருந்த டிபன் பாக்ஸ்

அன்புள்ள மருமகளுக்கு,

வாயைத் திறந்தால் புளுகு மட்டுமே வரும் என்று உன் அம்மாவிடமே பட்டம் வாங்கிய தாய்மாமன் எழுதுவது. உலகத்தில் ஒருத்தரும் நம்பாத கதை ஒன்றை இப்போது சொல்லப்போகிறேன். நீயும் நம்பக்கூடாது. நம்பினால் இத்தனை வருஷமாக நான் கட்டிக்காத்த பெயர் கெட்டுவிடும்.

உன் அப்பா மேஸ்திரியாக இருக்கும் ஐஸ் பாக்டரியில் போன வாரம் மகாயுத்தம் மூண்டது. எதிரி, கண்ணுக்குத் தெரியாத அம்மோனியா. குழாயின் மூட்டு விட்டுக்கொண்டதும், பத்தாயிரம் யானைகள் சேர்ந்து தும்மியதுபோல் வாயு சீறியது. வானத்தில் போன காக்கைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு பறந்தன. நம் சக்கரவர்த்தி முதலாளி காரில் ஏறிய வேகத்தில் அவருடைய செருப்பு இரண்டும் களத்திலேயே நின்றுவிட்டன. அவர் தரப்பில் வீரத்தோடு நின்றது அவை மட்டும்தான்.

உன் அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு, கொக்கியும் கையுமாக நின்ற சேனையை ஒவ்வொருவராக வெளியே தள்ளினார். ஆள் கணக்குக்கு அவர் வைத்திருக்கும் முறை உனக்குத் தெரியும். வாசலுக்கு வெளியே ஒரு பலகை. உள்ளே போகிறவன் டிபன் பாக்ஸை அதில் வைக்க வேண்டும், வெளியே வருகிறவன் எடுத்துக்கொள்ள வேண்டும். "உசுரு போற அவசரமா இருந்தாலும் டப்பாவத் தூக்கிட்டு ஓடுங்கடா, அப்பத்தான் உள்ள எவன் இருக்கான்னு எனக்குத் தெரியும்" என்பார். அன்றைக்கும் அப்படித்தான் ஓடினார்கள்.

பலகையில் ஒன்று மிச்சம். நசுங்கிய பச்சை டப்பா. பாக்டரியிலேயே மெதுவாக நடப்பதால் 'புயல்' என்று பெயர் வாங்கியவனுடையது.

இதோ, இங்கே எனக்கு முன்னால் கதவு திறக்கிறது. இரு, பார்த்துவிட்டு வருகிறேன்.

இல்லை, வேறு யாரையோ கூப்பிட்டார்கள். எங்கே விட்டேன்? "அண்ணே, போகாதீங்கண்ணே" என்று அத்தனை பேரும் சட்டையைப் பிடித்து இழுத்தார்களாம். "என் ஆளு உள்ள இருக்கான், நான் வெளிய நின்னு என்னடா பண்ண?" என்று கேட்டுவிட்டு, ஈரச் சாக்கை முகத்தில் சுற்றிக்கொண்டு நுழைந்தார். உள்ளே ஏழு பகல் ஏழு இரவு போர். குழாயைக் கயிறுபோல் வளைத்து முடிச்சுப் போட்டார். ஐஸ் பாளத்தைப் பெயர்த்து வாயுவின் தலையிலேயே போட்டார். மூலைமுடுக்கெல்லாம் "புயலு, புயலு" என்று கூப்பிட்டுத் தேடினார்.

புயல் எங்கே இருந்தான் தெரியுமா? பல் டாக்டர் நாற்காலியில், வாயைப் பிளந்துகொண்டு. மெல்ல முடியாத பல்வலிக்காரனுக்குச் சோறு எதற்கு என்று டப்பாவை விட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் நழுவியிருக்கிறான். இப்போது எனக்கு எதிர் பெஞ்சில், வீங்கிய கன்னத்தோடு அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். திட்டலாம் என்று போனேன். அவன் அழுகிற அழுகையில் நான் டீ வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

குழாயை மாற்றிவிட்டதாகச் சொல்லி, ஆட்களைக் கூட்டிப்போக முதலாளி ஆஸ்பத்திரிக்கே வந்தார். "மேஸ்திரி மொதல்ல நுழையாத எடத்துல நாங்க நுழையறதில்ல சார்" என்று சொல்லிவிட்டார்கள். வராந்தா முழுக்க அவர்கள்தான். நர்ஸம்மா விரட்டினால் படிக்கட்டு வரை போய்த் திரும்புகிறார்கள். என்னாலும் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. அந்தக் காலத்தில் உன் அப்பாவைப் போன்ற வீரனுக்குக் கல் நட்டுக் கும்பிட்டார்கள். நமக்குக் கல் வேண்டாம், மனுஷன் வேண்டும்.

"மாப்ளே, பாப்பாவுக்குப் பரீட்சை. எதையும் எழுதித் தொலைக்காதே" என்று உன் அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு சத்தியம் வாங்கியிருக்கிறார். நான் எதையும் எழுதவில்லை, கவனி. கதைதான் விட்டேன். ஆனால் கண் விழிக்கும்போதெல்லாம் "எல்லாரும் வந்துட்டாங்களா?" என்று கேட்கிறார். பலகை காலியானால் கிளம்பிவிடுகிற ஆள் அல்லவா? "இன்னும் ஒரு ஆள் பாக்கி" என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

யானை பொய். காக்கை பொய். முடிச்சும் பொய். முதலாளி விட்டுப்போனதும் ஒற்றைச் செருப்புதான். உன் அப்பா திரும்பி உள்ளே போனார் என்கிற அந்தச் சின்ன இடம் மட்டும் உண்மை, கண்ணு. பரீட்சை அடுத்த வருஷமும் வரும். கிடைக்கிற வண்டியில் ஏறு. நல்லபடியாக வந்து சேர்.

உன் புளுகுமூட்டை மாமா